பொது ஏடு – 6: விற்றுப்போன முகவரிகள்

2009 மே மாதம் அமெரிக்க அரசு தன் தரவுத் தளத்தை வெறும் 47 தொகுப்புகளோடு திறந்ததையும், அதை முன்னின்று நடத்திய விவேக் குந்த்ராவையும் சென்ற வாரம் பார்த்தோம். சரியாக எட்டு மாதம் கழித்து, 2010 ஜனவரி 21 அன்று, பிரிட்டன் தன் தளத்தைத் திறந்தது. அதில் 2,500க்கும் மேற்பட்ட தொகுப்புகள் இருந்தன. அவற்றைவிட என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது, அந்தத் தளத்துக்குக் கடைசிவரை வந்து சேராத ஒரு பட்டியல்: நாட்டிலுள்ள எல்லா வீடுகளின் முகவரி. அது ஏன் வரவில்லை என்று தேடிப்போனால், பிரிட்டனின் திறந்த தரவு முயற்சி எங்கே வேரூன்றியது, எங்கே பட்டுப்போனது என்ற முழு வரலாறும் கூடவே வருகிறது.

தொடக்கம் வரைபடத்தில். 1745இல் ஸ்காட்லாந்தில் மூண்ட கிளர்ச்சியை அடக்கப் போன படைக்கு அந்த மலைநாட்டில் எந்தப் பாதை எங்கே போகிறது என்று தெரியவில்லை. கிளர்ச்சி ஒடுங்கிய கையோடு, 1747இல் வில்லியம் ராய் அந்த நிலத்தை அளக்கத் தொடங்கினார். பிரெஞ்சுப் படையெடுப்பு வருமோ என்ற அச்சம் சூழ்ந்திருந்த 1791இல், ராணுவத் தளவாட வாரியத்தின் கீழ் ஆர்டனன்ஸ் சர்வே பிறந்தது. 1802இல் சென்னை பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கியதும் இதே காலத்தில், இதே தேவைக்காகத்தான். ஆளுகிற நிலத்தைத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த அறிவு அரசிடம் இருக்க வேண்டும்.

இருநூறு ஆண்டுகளில் அந்த அமைப்பு உலகின் மிகச் சிறந்த வரைபட நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. 1999இல் அரசு அதன் கணக்கு முறையை மாற்றியது. இனி கருவூலத்தை எதிர்பார்க்காமல் வரைபடங்களை விற்றுத்தான் தன் செலவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. வாங்கியவர்களில் கணிசமான பகுதி யார் என்று பார்த்தால் அரசுத் துறைகளும் உள்ளாட்சி மன்றங்களும். பொதுப் பணம் ஒரு பையிலிருந்து எடுக்கப்பட்டு இன்னொரு பையில் போடப்பட்டது. நடுவில் நின்ற குடிமகனுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இதைவிடக் கடுமையாக இருந்தது உரிமம் பற்றிய விதி. ஓர் உள்ளாட்சி மன்றம் தன் ஊரின் பொதுக் கழிப்பறைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பட்டியல் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டியது மன்றம், பராமரிப்பது மன்றம். ஆனால் ஊழியர் இடத்தைக் குறித்தது ஆர்டனன்ஸ் சர்வேயின் வரைபடத்தின் மேல். எனவே அந்தப் புள்ளிகளும் தன் வரைபடத்திலிருந்து பெறப்பட்டவையே, தன் அனுமதியின்றி அவற்றை வெளியிடக் கூடாது என்றது நிறுவனம். கழிப்பறைக்கும் பள்ளி எல்லைக்கும் இதே விதிதான். ஊர்க்காரர்களின் வரியில் கட்டியது எங்கே இருக்கிறது என்று ஊர்க்காரர்களுக்கே சொல்ல மன்றத்தால் முடியவில்லை.

2006 மார்ச் மாதம் கார்டியன் நாளிதழ் 'எங்கள் தரவை விடுவியுங்கள்' என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. சார்லஸ் ஆர்தர், மைக்கேல் கிராஸ் என்ற இரு பத்திரிகையாளர்கள் வாரந்தோறும் எழுதினார்கள். அவர்கள் வாதம் எளிமையானது: வரிப்பணத்தில் திரட்டியதை வரி கட்டியவருக்கே மறுபடி விற்கக் கூடாது. நிறுவனத்தின் தரப்பிலும் ஒரு கேள்வி இருந்தது. இன்று வாங்குகிறவர் தரும் காசில் நாங்கள் நாள்தோறும் வரைபடத்தைத் திருத்துகிறோம்; நாளை இலவசம் என்றால், அடுத்த ஆண்டுத் திருத்தத்துக்கு யார் பணம் தருவார்கள்? கேட்டவர்கள் சுயநலத்தோடு கேட்டிருக்கலாம். ஆனால் திறந்த தரவின் வரலாறு முழுக்கப் பதிலுக்குக் காத்திருக்கும் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். திறப்பு விழாவுக்குப் பிறகு பத்தாவது ஆண்டில் சம்பளம் யார் தருவது?

2007 ஜூனில் டாம் ஸ்டைன்பெர்க், எட் மேயோ இருவரும் அரசு கேட்டுக்கொண்டபடி அளித்த அறிக்கை, தரவைக் குடிமக்கள் கையில் கொடுங்கள் என்றது. அதே ஆண்டு நவம்பரில் வேறொன்று அம்பலமானது. குழந்தை உதவித்தொகை பெறும் குடும்பங்களின் விவரங்கள் அடங்கிய இரண்டு குறுந்தகடுகள் வரித்துறையிலிருந்து தணிக்கை அலுவலகத்துக்குப் போகும் வழியில் தொலைந்திருந்தன. 2.5 கோடி பேரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எல்லாம் அவற்றில் இருந்தன. நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு 'தரவை வெளியிடுங்கள்' என்று ஓர் அதிகாரியிடம் போய்ச் சொன்னால் அவர் என்ன நினைத்திருப்பார் என்று ஊகிக்கலாம். மக்களின் வங்கிக் கணக்கும் ஊர்க் கழிப்பறையின் இருப்பிடமும் ஒரே ரகம் அல்ல என்பதைத் துறை துறையாகப் போய் விளக்க வேண்டியிருந்தது.

அச்சத்தைத் தள்ளிவைத்தது இன்னொரு அவமானம். 2009 மே மாதம் டெய்லி டெலிகிராப் நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்குகளை நாள்தோறும் வெளியிட்டது. உறுப்பினர்கள் பொதுப் பணத்தில் என்னென்ன வாங்கினார்கள் என்று நாடே படித்துக் கொதித்தது. வெளிப்படைத்தன்மை என்று எதையாவது அறிவிக்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு வந்தது. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ அந்த நேரத்தில் பிரதமர் கார்டன் பிரவுனோடு உணவருந்தினார். இணையத்தைப் பயன்படுத்த பிரிட்டன் செய்ய வேண்டிய முதல் வேலை எது என்று பிரவுன் கேட்டதாகவும், அரசுத் தரவை வலையில் போடுங்கள் என்று தாம் சொன்னதாகவும், சரி செய்வோம் என்று பிரதமர் உடனே ஒப்புக்கொண்டதாகவும் பெர்னர்ஸ்-லீ பின்னர் விவரித்திருக்கிறார். ஜூன் மாதம், அரசுத் தரவைத் திறக்கும் வேலைக்கு ஆலோசகராக அவர் நியமனம் அறிவிக்கப்பட்டது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் நைஜல் ஷாட்போல்ட் உடன் சேர்ந்தார். அரசுக்குள் இருந்து வேலையை நகர்த்தியவர் ஆண்ட்ரூ ஸ்டாட் என்ற மூத்த அதிகாரி.

அவர்கள் முதலில் பிடித்தது கைக்கு எட்டியதை. துறைகள் ஏற்கெனவே எங்கெங்கோ வெளியிட்டிருந்த புள்ளிவிவரங்களை ஓரிடத்தில் பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தை மேலே ஒட்டினார்கள். 2,500இல் பல அப்படி வந்தவை. வடிவத்தைப் பற்றி பெர்னர்ஸ்-லீ பின்னர் ஒரு நட்சத்திர முறை வகுத்தார். ஸ்கேன் செய்த தாளாக இருந்தாலும் சரி, திறந்த உரிமத்தோடு போட்டுவிட்டால் ஒரு நட்சத்திரம். கணினி படிக்கும் அட்டவணையாக, எந்த மென்பொருளிலும் திறக்கும்படி போட்டால் மூன்று. மற்ற தரவுகளோடு இணைத்துவிட்டால் ஐந்து. சரியாக வரும்வரை பூட்டி வைக்காதே, இருப்பதைப் போடு, பிறகு திருத்து என்ற அணுகுமுறை அது. கச்சிதம் வரட்டும் என்று காத்திருந்தால் எந்தத் துறையும் எதையும் தந்திருக்காது.

இதற்கிடையில் முகவரிக் கதை சூடுபிடித்திருந்தது. பிரிட்டனில் அஞ்சல் குறியீடு 1959இல் நாரிச் நகரில் சோதனையாக வந்தது. அப்போது அஞ்சல் துறைக்குப் பொறுப்பான அமைச்சர் எர்னஸ்ட் மார்பிள்ஸ். ஐம்பது ஆண்டு கழித்து, 2009 ஜூலையில், இரு இளைஞர்கள் அவர் பெயரிலேயே ஒரு சேவை தொடங்கினார்கள். அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் அது வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று இலவசமாகச் சொல்லும் சேவை. அதை நம்பிச் சில தளங்கள் இயங்கின. உங்கள் தெருப் பக்கம் யாராவது கட்டட அனுமதி கேட்டால் மின்னஞ்சலில் தெரிவித்த தளம் ஒன்று. அருகில் என்ன வேலை காலியாக இருக்கிறது என்று காட்டிய தளம் இன்னொன்று. அக்டோபரில் ராயல் மெயிலின் வழக்கறிஞர்களிடமிருந்து கடிதம் வந்தது. சேவை மூடப்பட்டது. ராயல் மெயில் அன்று முழுக்க அரசுக்குச் சொந்தமான நிறுவனம். ஒரு பக்கம் பிரதமர் தரவைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மறுபக்கம் அவர் அரசின் நிறுவனமே மூடச் சொல்லி நோட்டீஸ் அனுப்புகிறது. அரசு என்பது ஒரே மனம் கொண்டதல்ல என்பதை இந்தத் தொடரில் பலமுறை பார்த்திருக்கிறோம். அதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

பிரவுன் பின்வாங்கவில்லை. 2010 ஏப்ரல் 1 அன்று ஆர்டனன்ஸ் சர்வேயின் வரைபடங்களில் ஒரு பகுதி இலவசமாயிற்று. இழந்த வருமானத்தை ஈடுகட்ட அரசே பணம் தர ஒப்புக்கொண்டது. திருத்தத்துக்கு யார் பணம் தருவது என்ற பழைய கேள்விக்குக் கிடைத்த முதல் உருப்படியான பதில் அது. அன்று திறந்தவற்றில் ஒவ்வொரு அஞ்சல் குறியீட்டின் மையப் புள்ளியும் இருந்தது. மையப் புள்ளி மட்டும். ஒரு குறியீட்டுக்குள் சராசரியாகப் பதினைந்து முகவரிகள் உண்டு. எந்தக் கதவு, என்ன எண், என்ன தெரு என்ற விவரம் ராயல் மெயிலின் முகவரிக் கோப்பிலேயே தங்கிவிட்டது.

அடுத்த மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசு முந்தைய அரசின் திட்டத்தைத் தூக்கி எறியாமல் இன்னும் வேகமாக ஓட்டியது. இது அபூர்வம். பதவியேற்ற சில வாரங்களிலேயே புதிய பிரதமர் டேவிட் கேமரூன் துறைகளுக்குக் கடிதம் எழுதினார்: 25,000 பவுண்டுக்கு மேல் போகும் ஒவ்வொரு செலவையும் மாதந்தோறும் வெளியிட வேண்டும். உள்ளாட்சி மன்றங்களுக்கு வரம்பு 500 பவுண்டு. ஜூனில் கருவூலத்தின் 'காயின்ஸ்' என்ற பெரும் செலவுத் தரவுத்தளம் அப்படியே வெளியே வந்தது. எடுத்தவர்களுக்குத் திகைப்பு. முழுக்கக் குறியீடுகள், உள்ளே வேலை செய்தவருக்கு மட்டுமே புரியும் கணக்குகள். பத்திரிகைகளும் தன்னார்வலர்களும் போராடித்தான் அதைப் படிக்கத்தக்கதாக்கினார்கள்.

வீட்டில் உட்கார்ந்தபடியே அரசின் கணக்கைத் துருவும் குடிமக்கள் படை ஒன்று உருவாகும் என்று அமைச்சர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையோடு, 2010 ஆகஸ்டில், உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்து வந்த தணிக்கை ஆணையத்தைக் கலைப்பதாகவும் அறிவித்தார்கள். 2015இல் அது மூடப்பட்டது. சம்பளம் வாங்கித் தணிக்கை செய்தவர்கள் போனார்கள், படை வரவில்லை. பின்னாளில் இங்கிலாந்தின் உள்ளாட்சித் தணிக்கைகள் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. ஆயிரம் வரி கொண்ட செலவுப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு குடிமகன் என்ன செய்வார்? சந்தேகம் வந்தால் கேட்க ஓர் அலுவலகம் வேண்டும், ரசீதைக் காட்டு என்று சொல்ல அதிகாரம் உள்ளவர் வேண்டும். தரவு அந்த அதிகாரத்துக்குத் துணை நிற்கும், அதன் இடத்தில் நிற்காது. இந்தத் தவறை நான் மன்னிக்கக்கூடியதாகக் கருதவில்லை.

அந்த 25,000 பவுண்டு கோப்புகளுக்கு என்ன ஆயிற்று? முதல் சில மாதங்கள் ஆர்வத்தோடு வந்தன. பிறகு 'இன்ஸ்டிடியூட் ஃபார் கவர்ன்மென்ட்' என்ற ஆய்வு அமைப்பு சரிபார்த்தபோது, பல துறைகள் தாமதமாகவே வெளியிட்டு வந்தது தெரிந்தது. காரணம் சதி அல்ல. அந்தக் கோப்பு வெளியிடுவதற்கென்றே தனியாகத் தயாரிக்கப்படுவது. அலுவலகத்துக்குள் யாருக்கும் அது தேவையில்லை. அதைத் தயாரிக்கும் ஊழியர் விடுப்பில் போனால், பதவி மாறினால், அந்த மாதம் கோப்பு வராது. வரவில்லை என்று உள்ளே யாரும் தேடவும் மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரே மருந்துச் சீட்டுத் தரவை வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் ஒவ்வொரு குடும்ப மருத்துவமனையும் எந்த மருந்தை எவ்வளவு எழுதிக் கொடுத்தது என்ற விவரம் 2011 டிசம்பர் முதல் மாதந்தோறும் வெளியாகிறது. நோயாளியின் பெயர் இல்லை. மருத்துவமனையின் பெயர் உண்டு. இந்தத் தரவு எங்கிருந்து பிறக்கிறது? மருந்துக் கடைக்காரர் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சீட்டை தேசிய சுகாதார சேவையின் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்புகிறார். அலுவலகம் ஒவ்வொரு சீட்டையும் பதிந்து அவருக்குப் பணம் தருகிறது. பதியாவிட்டால் கடைக்காரருக்குக் காசு இல்லை. ஆகவே நாட்டில் யார் பிரதமராக இருந்தாலும், திறந்த தரவு என்ற பேச்சே மறந்துபோனாலும், அந்தப் பதிவு நிற்காது. வெளியிடுவது அதன் கடைசிப் படி மட்டுமே.

2012இல் மாஸ்டோடான் சி என்ற சிறு நிறுவனமும், ஓபன் ஹெல்த்கேர் யுகே என்ற குழுவும், மருத்துவரும் எழுத்தாளருமான பென் கோல்டேக்கரும் சேர்ந்து அதில் ஒரே ஒரு கேள்வியை எழுப்பினார்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரைகளில், காப்புரிமை தீர்ந்து மலிவாகிவிட்ட வகைகள் இருக்கும்போது, விலை கூடிய வகைகளை எங்கே எவ்வளவு எழுதுகிறார்கள்? வரைபடத்தில் போட்டதும் ஊருக்கு ஊர் வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. மலிவான வகைக்கு மாறியிருந்தால் ஓராண்டில் 20 கோடி பவுண்டுக்கு மேல் மிச்சம் என்று கணக்கிட்டார்கள். கோல்டேக்கர் பின்னர் ஆக்ஸ்போர்டில் அமைத்த குழு 2015இல் 'ஓபன் பிரிஸ்க்ரைபிங்' என்ற கருவியை வெளியிட்டது. ஒரு மருத்துவர் தன் மருத்துவமனை மற்றவற்றோடு ஒப்பிட எங்கே நிற்கிறது என்று அதில் பார்க்கலாம்.

லண்டன் பேருந்துகளின் கதையும் இந்த ரகம்தான். பேருந்து எங்கே வருகிறது என்பது பேருந்தை ஓட்டுகிறவர்களுக்கே முதலில் வேண்டும். லண்டன் போக்குவரத்து அமைப்பு அந்தத் தகவலை அப்படியே திறந்துவிட்டது. செயலிகளை மற்றவர்கள் உருவாக்கினார்கள். பயணிகளின் நேரமும் வணிகமும் சேர்ந்து ஆண்டுக்கு 13 கோடி பவுண்டு வரை பலன் என்று 2017இல் டெலாய்ட் மதிப்பிட்டது. வெள்ளமும் ஒரு கதவைத் திறந்தது. 2014 தொடக்கத்தில் சாமர்செட் தாழ்நிலங்கள் மூழ்கிக் கிடந்தபோது சுற்றுச்சூழல் முகமை ஆற்று நீர்மட்டத் தரவை நிரலாளர்களுக்குத் தற்காலிகமாகத் தந்தது. பிறகு அது நிரந்தரமாகவே திறந்தது. வெள்ள அபாயத்தைக் கணிக்க விமானத்திலிருந்து லேசர் கொண்டு நிலத்தை அளந்த தரவு 2015 செப்டம்பரில் வெளியானது. ரோமானியச் சாலைகளைத் தேடி 40 ஆண்டுகளுக்கு மேல் அலைந்த ஒரு லங்காஷயர் ஆய்வாளர், வீட்டிலிருந்தபடியே அந்தத் தரவில் புதைந்த சாலைகளின் தடத்தைக் கண்டுபிடித்தார். வெள்ளத்துக்காக அளந்தவர்கள் இதை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

முகவரிக்குத் திரும்புவோம். அன்றாட வேலையிலிருந்தே பிறக்கிறதா என்ற அளவுகோலில் அது முதல் தரமான தரவு. புதுத் தெரு உருவானால் பெயரும் எண்ணும் சூட்டுவது உள்ளாட்சி மன்றத்தின் சட்டக் கடமை. மன்றம் ராயல் மெயிலுக்குத் தெரிவிக்கிறது. ராயல் மெயில் குறியீடு தருகிறது. தபால்காரர் நாள்தோறும் அந்தத் தெருவில் நடக்கிறார், தவறு இருந்தால் தெரிந்துவிடும். கிட்டத்தட்ட 3 கோடி முகவரிகள் அன்றாட வேலையிலிருந்தே தம்மைத் திருத்திக்கொள்கின்றன. ஆம்புலன்ஸ் அனுப்பவும், வாக்காளரைச் சேர்க்கவும், வீட்டுக் காப்பீடு போடவும் எல்லோருக்கும் வேண்டிய பட்டியல். 2013இல் ராயல் மெயிலைத் தனியாருக்கு விற்க அரசு முடிவெடுத்தபோது, முகவரிக் கோப்பை மட்டும் பிரித்துப் பொதுவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அரசே அமைத்திருந்த திறந்த தரவுப் பயனாளர் குழு உட்படப் பலர் மன்றாடினார்கள். கேட்கவில்லை. அக்டோபரில் 330 பென்ஸுக்கு விற்ற பங்கு முதல் நாளே 455 பென்ஸுக்குப் போனது. கோப்பும் கூடவே போனது.

அதே 2013இன் ஜூனில்தான் லோ எர்னில் ஜி8 நாடுகளின் மாநாட்டை நடத்தி, திறந்த தரவுச் சாசனத்தில் மற்ற நாடுகளைக் கையெழுத்திட வைத்திருந்தது பிரிட்டன். திறந்த தரவுக்கான உலகத் தரவரிசையில் அந்த ஆண்டு முதலிடமும் அதற்கே. 2014 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் பொது நிர்வாகக் குழு, முகவரிக் கோப்பை விற்றது தவறு என்று வெளிப்படையாக எழுதியது. விற்றபின் எழுதி என்ன பயன்?

மீட்கும் முயற்சிகள் நடந்தன. பெர்னர்ஸ்-லீயும் ஷாட்போல்ட்டும் 2012இல் நிறுவிய திறந்த தரவு நிறுவனம், மக்களிடமிருந்தே முகவரிகளைத் திரட்டிப் புதுப் பட்டியல் எழுப்பும் ஒரு திட்டத்தைத் தொடங்கிப் பார்த்தது. எந்த மூலத்தைத் தொட்டாலும் உரிமச் சிக்கல் வந்தது, 2015இல் நின்றுபோனது. 2016 பட்ஜெட்டில் திறந்த முகவரிப் பதிவேட்டுக்கு வழி தேட 50 லட்சம் பவுண்டு வரை ஒதுக்கினார்கள். பதிவேடு வரவில்லை. இந்தியாவின் நிலை இந்த ஒரு விஷயத்தில் மேல். 1972 ஆகஸ்ட் 15 அன்று பிறந்த பின்கோடு, அஞ்சல் துறையின் சொத்தாகவே இருக்கிறது. 2012இன் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கைக்குப் பிறகு அதன் பட்டியலை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கதை தனி அத்தியாயம்.

பிரிட்டனின் பொதுத் தளமும் மெல்லத் தளர்ந்தது. பொறுப்பு ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் கைமாறியது. 2018இல் தளத்தைப் புதுப்பித்தார்கள். பதிவுகள் பல்லாயிரமாகப் பெருகியிருந்தன. அவற்றில் கணிசமானவை பழையவை, இணைப்பு அறுந்தவை. பெர்னர்ஸ்-லீயை அழைக்கப் பிரதமருக்கு ஒரு வேளை உணவு போதுமாக இருந்தது. அறுந்த இணைப்பை வாரந்தோறும் சரிபார்க்க ஒரு நிரந்தரப் பணியிடம் வேண்டும். அதற்கு யாரும் விழா எடுப்பதில்லை.

2020 ஜூலையில் ஒரு கதவு பாதி திறந்தது. பிரிட்டனில் முகவரியுள்ள ஒவ்வொரு சொத்துக்கும் உள்ள தனி எண்ணும், அது வரைபடத்தில் இருக்கும் புள்ளியும் இலவசமாயின. இன்று யார் வேண்டுமானாலும் அந்தக் கோப்பைத் தரவிறக்கலாம். இந்த இடத்தில் ஒரு முகவரி இருக்கிறது என்று அது சொல்லும். அந்த முகவரி என்ன, வீட்டு எண் எத்தனை, தெருவின் பெயர் என்ன என்று சொல்லாது. அதற்கு ராயல் மெயிலுக்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். அரசு அலுவலகங்கள் பயன்படுத்தவும் கட்டணம் உண்டு. அது பொதுப் பணத்திலிருந்தே போகிறது. 2025இல் ராயல் மெயிலின் தாய் நிறுவனத்தை செக் நாட்டுத் தொழிலதிபர் டேனியல் க்ரெடின்ஸ்கியின் குழுமம் வாங்கியது. உள்ளாட்சி மன்றங்கள் இப்போதும் புதுத் தெருக்களுக்குப் பெயர் சூட்டி, விவரத்தைக் கட்டணமின்றி அந்த நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

(தொடரும்)